இறங்கிய கல்

எங்கள் அக்காவின் கணவரைக் குடும்பத்தில் பெரியவர் சிறியவர் எல்லோரும் கொக்கி மாமா என்றே அழைத்தார்கள். அந்தப் பெயருக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன, இரண்டும் உண்மை. உயர்ந்த கட்டடங்கள் எழும் இடங்களில் கோபுரக் கிரேன் ஓட்டுவது அவர் தொழில். பகல் முழுவதும் அவர் கண் ஓர் இரும்புக் கொக்கியின் மேல்தான் இருக்கும். மற்றொன்று, யார் எதைச் சொன்னாலும் அந்தப் பேச்சில் ஒரு கொக்கி போடுவார். "நாளைக்கு வர்றேன்" என்றால் "எந்த நாளைக்கு?" என்பார். "சாப்பாடு ரெடி" என்றால் "யாருக்கு?" என்பார். இப்படி எல்லாவற்றிலும் கொக்கி போட்ட மனிதர், போட்டே ஆகவேண்டிய ஓரிடத்தில் போடாமல் விட்டார். அதனால் அவருடைய இடது சிறுநீரகமும், அதைத் தொடர்ந்து உயிரும், அந்தரத்தில் தொங்கின. பின்னால் வருபவர்கள் அரைகுறையாகக் கேட்டு ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால், நான் பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரேனின் கோபுரத்துக்குள்ளேயே ஓர் ஏணி செங்குத்தாகப் போகிறது. அதன் உச்சியில் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த சிறிய அறை. ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், காலடியிலும் ஒரு கண்ணாடி. காலையில் ஏறினால் மாமா உச்சிப் பொழுதுவரை இறங்கமாட்டார். அவர் இறங்கினால் கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள் எல்லோருடைய வேலையும் நின்றுவிடும். "ஒருத்தன் ஒண்ணுக்குப் போறதுக்கு ஊரே வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்பார். ஆகவே தண்ணீர் குடிக்கமாட்டார். நாக்கு வறண்டால் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவார், அவ்வளவுதான். மற்ற ஓட்டுநர்கள் அதற்கென்று ஒரு காலி பாட்டிலை மேலே கொண்டுபோவதுண்டு. மாமாவுக்கு அது ஒப்பவில்லை. "ஆளுங்க தலைக்கு மேல சரக்க கொண்டுபோற எடம். அங்க உக்காந்து அந்த வேலையும் பாக்கறதா?" என்று முகத்தைச் சுளிப்பார். அக்கா கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் மாலையில் ஏறக்குறைய அப்படியே வீடு திரும்பும். "இது என்ன, தினமும் ஊர் சுத்திப் பாத்துட்டு வருதா?" என்று அக்கா அதைத் தூக்கிக் காட்டுவார்.

அடுத்து, அந்த வீட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது. அக்காவின் வீட்டில் 'விழு' என்ற சொல் கிடையாது. மணமான புதிதில், மாமா வேலை செய்த இடத்துக்கு அடுத்த கட்டடத்தில் ஒருவர் சாரத்திலிருந்து தவறிப் போனார். அன்று மாலை சமையலறையில் ஒரு கரண்டி நழுவியது. "விழுந்துடுச்சு" என்று மாமா சொல்ல, அக்கா அவர் வாயைப் பொத்தினார். அன்று போன சொல் திரும்பவில்லை. அதன் இடத்தில் 'இறங்கு' வந்து உட்கார்ந்தது. தட்டு கைதவறினால் தட்டு இறங்கிவிட்டது. மழை இறங்கியது. அவர்கள் மகளுக்கு முதல் பால்பல் ஆடிக் கழன்றபோது, "பல்லு இறங்கிடுச்சு!" என்று அந்தக் குழந்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடியது, கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவின் இந்தச் சட்டத்தை மாமா கேலி செய்வார். ஆனாலும் மீறியதில்லை. கேலிக்கு அடியில் ஒரு நியாயமும் இருந்தது. கிரேன் வேலையில் 'இறங்கிடுச்சு' என்பது ஒரு முடிவுச் சொல். கீழே நின்று கைசாடை காட்டியும் வாக்கிடாக்கியில் பேசியும் வழி சொல்பவரை சிக்னல்காரர் என்பார்கள். அவர் "இறங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டால் சரக்கு பத்திரமாகத் தரை தொட்டுவிட்டது, கொக்கியை விடுவிக்கலாம், மூச்சு விடலாம் என்று பொருள். மாமாவின் காதுக்கு அதைவிட இனிய சொல் வேறில்லை.

இனி நோய்க்கு வருகிறேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்த மாமா கண்ணாடியைப் பிடித்தபடியே மடங்கி உட்கார்ந்தார். இடது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி அடிவயிறு வரை ஓடியது. நின்றாலும் தாங்கவில்லை, படுத்தாலும் தாங்கவில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கூடத்தில் உருண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டும் மறுகையால் நுரையைத் துடைத்துக்கொண்டும் இருந்தார். ஆட்டோவில் ஏற்றும்போது, "பிரசவ வலி இப்படித்தான் இருக்குமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் மாமா. "அதுல கடைசியில கையில ஒண்ணு கிடைக்கும்" என்றார் அக்கா.

இவருக்கும் ஒன்று இருந்தது. ஸ்கேன் படத்தில், இடது சிறுநீரகத்தின் வாசலில், சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளையாக ஒரு கல்.

ஊசி போட்டு வலி தணிந்து, சில நாள் கழித்துச் சிறுநீரகத் துறை மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். நடுத்தர வயதுப் பெண்மணி; வேகமாகப் பேசுவார், ஆனால் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளமாட்டார். மாமா கொக்கியோடு தயாராக இருந்தார்.

"சின்னக் கல்லா இருந்தா மாத்திரை குடுத்து, தண்ணி குடிக்கச் சொல்லி, தானா வரட்டும்னு விட்டுடுவோம். இது அந்த அளவு இல்ல" என்றார் மருத்துவர்.

"பக்கத்து வீட்டம்மா ஒரு சாறு சொல்றாங்க. கரைச்சிடுமாம்" என்றார் அக்கா. உண்மையில் அதற்குள் தெருவில் இருந்த செடியெல்லாம் அக்கா வீட்டு மிக்சியில் ஏறிவிட்டிருந்தது.

"சில வகைக் கல்ல மருந்தால கரைக்கலாம். இவரோடது கெட்டியான வகை மாதிரி தெரியுது. சாறு குடிச்சா தண்ணி குடிச்ச புண்ணியம். அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க."

பிறகு ஒரு தாளில் சிறுநீரகத்தையும், அதிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாயையும் வரைந்து வழிகளை விளக்கினார். வெளியிலிருந்தே அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை உடைப்பது ஒன்று. கத்தி இல்லை, துளை இல்லை. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை உள்ளே அனுப்பி, லேசரால் கல்லைப் பொடிப்பது இன்னொன்று. கல் போவது அதில் அதிக உறுதி, ஆனால் அதன்பின் சில நாள் உள்ளே ஒரு சிறு குழாய் வைக்க நேரலாம். முதுகில் துளையிட்டு எடுக்கும் முறையும் உண்டு. அது பெரிய கற்களுக்கு.

"உள்ள குழாய் வெச்சா மேல ஏறலாமா?" என்று கேட்டார் மாமா.

"ஏறலாம். ஒவ்வொரு படியிலயும் அது இருக்கிறது தெரியும். எரியும், அடிக்கடி வர்ற மாதிரி இருக்கும்."

"அடிக்கடியா!" மாமாவின் முகம் மாறியது. "வெளியில இருந்தே உடைச்சிடுங்க."

"சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். உடைக்கிறது நாங்க. வெளியே தள்றது உங்க வேலை. தண்ணி குடிக்கணும். துண்டுங்க எல்லாம் போயிடுச்சான்னு படம் எடுத்துப் பாத்தாதான் கணக்கு முடியும். நடுவுல காய்ச்சல், குளிர் எது வந்தாலும் அந்த நிமிஷமே வரணும். கல்ல விட அடைப்புதான் ஆபத்து. அடைப்புக்குப் பின்னால சீழ் பிடிச்சா கிட்னியும் போகும், ஆளும் போயிடலாம்."

இதை மாமாவும் கேட்டார், அக்காவும் கேட்டார், நானும் கேட்டேன்.

கல்லை உடைத்த அன்று மாமாவை ஒரு மேசையில் படுக்கவைத்தார்கள். முதுகில் யாரோ ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்துச் சுண்டுவதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார். மூச்சு விடும்போதெல்லாம் திரையில் கல் மேலும் கீழும் ஆடியதாம். காற்றில் ஆடும் சரக்கைப் பார்ப்பதுபோல் அவரும் மூச்சைச் சிறிதாக்கிக் கொண்டாராம். வீட்டுக்கு வந்த பின் சில நாள் சொன்னபடி கேட்டார். விடுப்பில் இருந்ததால் தண்ணீர் குடித்தார். சிறுநீரைப் பிடித்த வடிகட்டியில் மணல் மணலாகத் துகள்கள் வந்தன. அக்கா அவற்றை ஒரு சிறு டப்பாவில் சேர்த்து, வந்தவர்களிடமெல்லாம் நகை காட்டுவதுபோல் திறந்து காட்டினார்.

பிறகு துகள் வருவது நின்றது. குறித்த நாளில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் அறுவை அறையில் இருந்ததால் மாலையில் தொலைபேசியில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த அழைப்பு வந்தபோது நான் அங்கே இல்லை. அக்கா, மாமா, மருத்துவர் மூவரும் பின்னர் தனித்தனியே சொன்னது ஒன்றாகவே இருந்தது. ஆகவே அதை உறுதியாக எழுதுகிறேன்.

"கல்லு நல்லா உடைஞ்சிருக்கும்மா. துண்டெல்லாம் இறங்கிடுச்சு" என்றார் மருத்துவர்.

அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். கூடத்தைப் பார்த்துக் கூவினார்: "ஏங்க! இறங்கிடுச்சாம்!"

அவர் மறுபடி காதில் வைத்தபோது மருத்துவர், "...அடுத்த வாரம் இன்னொரு படம் எடுத்துட்டு நேர்ல வந்துடுங்க" என்று முடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் மொழியில், சிறுநீரகத்தில் இருந்த துண்டுகள் குழாய்க்குள் இறங்கிவிட்டன என்பது அதன் பொருள். பயணத்தின் குறுகலான பகுதி இனிமேல்தான். வேறெந்த வீட்டிலாவது அந்தச் சொல் போயிருந்தால், "எங்க இறங்கிடுச்சு? வெளியே விழுந்துடுச்சா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். இந்த வீட்டில் அந்த இரண்டாவது கேள்விக்குச் சொல்லே இல்லை. விழுவதும் இறங்குவதுதான். போதாக்குறைக்கு, மாமாவின் காதில் அது தரை தொட்ட சரக்கின் செய்தியாகப் போய் உட்கார்ந்தது.

"இன்னொரு படம் எடுக்கணுமாம்" என்று அக்கா நினைவூட்டினார்.

"இறங்கின சரக்குக்கு எதுக்கு படம்?" என்றார் மாமா. வலியும் இல்லை. வலி இல்லாவிட்டால் அடைப்பு இல்லை என்று அவராக ஒரு முடிவு செய்துகொண்டார். அக்காவும் வற்புறுத்தவில்லை. மறுநாளே மாமா ஏணி ஏறினார். பாட்டில் பழையபடி ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வரத் தொடங்கியது.

படம் எடுக்க வேண்டிய வாரம் போய், அடுத்ததும் போனது. இடது பக்கம் லேசாகக் கனப்பதாக மாமா ஒருமுறை சொன்னார். நாற்காலி சரியில்லை என்று அவரே விடையும் சொல்லிக்கொண்டு, மடித்த துணி ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டார்.

அடுத்து நடந்ததையும் நான் நேரில் காணவில்லை. சிக்னல்காரர் சொன்னதையும் மாமா சொன்னதையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். வார்த்து முடித்த காங்கிரீட் சுவர்த் துண்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டு மேல்தளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதை வாங்கிப் பொருத்துவதற்கு மேலே ஆட்கள் காத்திருந்தார்கள். அது கடந்து போகும் வழிக்குச் சற்றுத் தள்ளிக் கம்பி கட்டும் பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இடது பக்கம் கொஞ்சம்" என்றார் சிக்னல்காரர்.

சுவர் நகரவில்லை.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது." பிறகு ஏதோ தட்டும் ஓசை வாக்கிடாக்கியில் வந்தது. "குளுருது."

"இந்த வெயில்லயா? கண்ணாடிக்குள்ள ஐஸ் வெச்சிருக்கீங்களா?"

"டேய். ஆளுங்கள எடு."

"என்னண்ணே?"

"கீழ இருக்கிறவங்கள எல்லாம் தள்ளிப் போகச் சொல்லு. மேல நிக்கிறவங்களையும். எனக்குக் கை ஆடுது. இத நான் தரைக்குக் கொண்டுவரேன்."

தட்டும் ஓசை அவருடைய பற்களுடையது என்று சிக்னல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் விசில் ஊதிக்கொண்டே ஓடினார். பெண்கள் கம்பியைப் போட்டுவிட்டு விலகினார்கள். மேலே மாமா, ஆடும் கையை மறுகையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அசைத்தார். கையை விட்டுவிட்டால் எந்திரம் அப்படியே நின்றுவிடும். சுவர் அங்கேயே தொங்கும். ஆனால் எவ்வளவு நேரம் தொங்கும், அதற்குள் தான் நினைவோடு இருப்போமா என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆகவே விடவில்லை. கொஞ்சம் இறக்குவார், நிறுத்துவார், நடுக்கம் ஓர் அலை போய் அடுத்தது வருவதற்குள் மறுபடி கொஞ்சம் இறக்குவார்.

"வரட்டும்ணே. வரட்டும். மெதுவா. உங்களுக்கு யாரும் தாலி கட்டக் காத்திருக்கல, மெதுவா வாங்க." சிக்னல்காரரின் வாய் கேலி பேசியது, கண் சுவரைவிட்டு நகரவில்லை. "இன்னும் ஒரு ஆள் உயரம். இன்னும் முழங்கால். இன்னும்... இறங்கிடுச்சு. அண்ணே, இறங்கிடுச்சு!"

மேலிருந்து பதிலே இல்லை.

சிக்னல்காரரும் இன்னொருவரும் கயிறும் பாதுகாப்பு வாரும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார், உடம்பு கொதித்தது. இடுப்பில் வாரைக் கட்டப் போனபோது கண்ணைத் திறந்தார். "நான் என்ன சிமெண்ட் மூட்டையா, கட்டி இறக்க?" என்றார். "மூட்டையா இருந்தா இந்நேரம் இறக்கியிருப்போம். அது வாய் பேசாது" என்று சொல்லிக்கொண்டே கட்டினார் சிக்னல்காரர். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சிக்னல்காரர் ஒரு படி கீழே நின்று மாமாவின் பாதத்தைத் தன் கையால் ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தார். பாதி வழியில் மாமாவின் முழங்கால் விட்டுப்போனது. முழு எடையும் சிக்னல்காரரின் தோளில் வந்தது. அவர் ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாராம். அவர் நின்றதால்தான் இருவரும் நின்றார்கள். இதை நம் குடும்பம் மறக்கக் கூடாது.

மருத்துவமனையில் நானும் அக்காவும் மருத்துவரின் எதிரே நின்றோம். மாமாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

"ஏன் மறுபடி படம் எடுக்க வரல?" என்றார் மருத்துவர்.

"கல்லுதான் இறங்கிடுச்சே டாக்டர்" என்றார் அக்கா. "இது வேற ஏதோ காய்ச்சல்."

"எங்க இறங்கிடுச்சு?"

"நீங்கதானே சொன்னீங்க. இறங்கிடுச்சுன்னு."

"குழாய்க்குள்ள இறங்கிடுச்சும்மா. வெளியே வந்துடுச்சுன்னு நான் சொல்லலையே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை.  மருத்துவர் அப்போதுதான் எடுத்திருந்த படத்தைத் திருப்பிக் காட்டினார். குழாயின் கீழ்ப்பகுதியில் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, குறுகலான சந்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளைப் போல வரிசையாக நின்றன. முன்னால் நின்றது நகரவில்லை. பின்னால் வந்ததெல்லாம் அதை முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. தேங்கிய நீரில் கிருமி புகுந்து ரத்தத்திலும் கலந்துவிட்டது.

"மறுபடி உடைச்சிடுங்க டாக்டர்" என்றார் அக்கா.

"இப்ப கல்லத் தொடக்கூடாது. தொட்டா கிருமி இன்னும் பரவும். முதல்ல அடைப்புக்கு மேல தேங்கினது வெளியேறணும். கீழ்வழியா ஒரு குழாய் ஏத்திப் பாப்போம். துண்டுங்க வழிவிடலேன்னா முதுகு வழியா ஊசி விட்டு, நேரா கிட்னியில குழாய் வைக்கணும். மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. ஆனா வடிகால் இல்லாம மருந்து மட்டும் போதாது."

அந்நேரம் உள்ளேயிருந்து ஒரு செவிலியர் கதவைத் திறந்தார்: "டாக்டர், பிரஷர் இறங்கிக்கிட்டே இருக்கு."

அக்காவின் கை என் கையைப் பற்றியிருந்தது. இறங்குவது என்றாலே நல்லது என்று இத்தனை வருடம் வாழ்ந்த கை. ஒரு கணம் பிடி தளர்ந்தது. அடுத்த கணம் நகம் பதியும்படி இறுகியது. "எங்க? எதுவரைக்கும் இறங்குது?" என்று அக்கா கேட்டார். மருத்துவர் அதற்குள் போய்விட்டார்.

அந்தக் காத்திருப்பு அறையில் வரிசையாகப் பச்சை நாற்காலிகள் இருந்தன. அக்கா உட்காரவில்லை. சிக்னல்காரர் வேலைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அதையும் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அண்ணி, அவர் மேல இருந்தே ஒழுங்கா இறக்கிட்டாரு. சுவர் கீறல்கூட இல்ல" என்று இரண்டுமுறை சொன்னார். அக்கா தலையாட்டினார். கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் மூவரும் ஒன்றாகத் திரும்பினோம். வேறு யாருடைய பெயரையோ அழைத்தார்கள். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் போனது, திரும்பி வந்தது.

மருத்துவர் வெளியே வந்தபோது முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார்.

"கீழ்வழியா குழாய் போகல. முதுகு வழியா குழாய் வெச்சாச்சு. உள்ள முழுக்கச் சீழ். வெளியே வர ஆரம்பிச்சிருக்கு."

"வெளியேன்னா?" என்றார் அக்கா.

மருத்துவருக்குப் புரிந்தது. "உடம்புக்கு வெளியேம்மா. பையில. வந்து கண்ணால பாருங்க."

உயிர் தப்பும் என்பது மறுநாள் தெரிந்தது. சிறுநீரகம் தப்புமா என்பது தெரியவில்லை. முதுகுக் குழாயிலிருந்து தொங்கிய பையில் வருவது அந்த ஒரு சிறுநீரகத்தின் நீர் மட்டுமே. அது உயிரோடு இருந்தால் நீர் தெளிந்து, அளவு கூட வேண்டும். அக்கா அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் கலங்கலாக, பால் கலந்ததுபோல் வந்தது. பிறகு பல மணி நேரம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. "குழாய் மடங்கியிருக்கா பாருங்க" என்று செவிலியர்களைப் படுத்தி எடுத்தார். மடங்கவில்லை. "அத மொறச்சுப் பாத்தா வராது" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே. "நீங்க பேசாதீங்க. தண்ணி குடிங்க" என்றார் அக்கா. மாமா வாய் பேசாமல் குடித்தார். அக்கா சொன்னதற்குக் கொக்கி போடாமல் அவர் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று பிற்பகல் குழாயின் வளைவில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. நின்றதே தவிர நகரவில்லை. பின்னால் இன்னொன்று வந்து சேர்ந்து, இரண்டும் ஒன்றாகிப் பைக்குள் ஓடின. அதன் பின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. வந்த நீர் வெளுத்த மஞ்சளாகத் தெளிந்திருந்தது. அக்கா பையை இரு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

காய்ச்சல் முற்றும் அடங்கிச் சில வாரங்கள் சென்ற பிறகுதான் கல்லைத் தொட்டார்கள். முதலில் மாமா வேண்டாமென்று தள்ளிய அதே முறை: கீழ்வழியாகக் கருவி, உள்ளே லேசர். வரிசையில் நின்ற துண்டுகளைப் பொடித்து எடுத்துவிட்டு, வீக்கம் வற்றும்வரை இருக்கட்டும் என்று உள்ளே ஒரு சிறு குழாயும் வைத்தார்கள். அது மருத்துவர் சொன்னபடியே எரிந்தது, அடிக்கடி எழுப்பியது. மாமா முனகினாரே தவிர மறுக்கவில்லை. அந்தக் குழாயையும் எடுத்து, கடைசிப் படமும் எடுத்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற சோதனையும் முடிந்த நாளில் மூவரும் மருத்துவர் முன் உட்கார்ந்தோம். மேலே ஏறலாமா கூடாதா என்பதும் அன்றுதான் முடிவாக வேண்டும்.  மாமாவின் கை முழங்காலின்மேல், கைப்பிடியைப் பிடிப்பதுபோல் மூடியிருந்தது.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் போயிடுச்சு" என்றார்.

"போயிடுச்சுன்னா எங்க போயிடுச்சு?" என்றார் அக்கா.

"வெளியேம்மா."

"வெளியேன்னா, குழாய்ல இருந்து வெளியேவா? சிறுநீர்ப்பையில இருந்து வெளியேவா? உடம்புல இருந்து வெளியேவா?"

மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். கொக்கி கை மாறிவிட்டது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவர் படத்தை மேசையில் வைத்தார். "உங்களுக்கு நான் எப்படிச் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."

 அக்காவின் கீழுதடு ஒருமுறை அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குப் பல்லைத் தொட்டு விலகியது. பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் தணிந்த குரலில் கேட்டார்: "விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சும்மா. கடைசித் துண்டு வரைக்கும் விழுந்துடுச்சு. கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கு, ஆனா பெரும்பகுதி பிழைச்சிடுச்சு. அவர் மேல ஏறலாம். தண்ணியோட."

அந்த வீட்டில் இன்றும் தட்டு இறங்குகிறது, மழை இறங்குகிறது. கல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாமா இப்போது இரண்டு பாட்டில்களோடு ஏறுகிறார். ஒன்று நிறைந்து போய் வெறுமையாக வருகிறது. மற்றது வெறுமையாகப் போய் நிறைந்து வருகிறது, அதற்கு அக்கா தைத்துக் கொடுத்த கறுப்பு உறை இருக்கிறது. குழப்பம் நேரக் கூடாது அல்லவா? "உறையக் கழட்டிட்டுக் குடிச்சிடாதீங்க" என்று சிக்னல்காரர் தினமும் வழியனுப்புகிறார்.

ஒருமுறை நானே அங்கே போய் நின்று பார்த்தேன். கம்பிக் கட்டு ஒன்று ஆடாமல் அசையாமல் வந்து மணல்மேல் அமர்ந்தது. சிக்னல்காரர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"இறங்கிடுச்சுண்ணே."

மேலிருந்து உடனே பதில் வந்தது. "எங்கன்னு சொல்லு."

"தரையிலண்ணே" என்று சிரித்தார் அவர். "தரையில."

கொக்கி அதன் பிறகுதான் தளர்ந்தது.